ட்ரங்குப் பெட்டிக்குள்ளே வைஃபை

கத்தரீனாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? சுமந்து பெற்றது இவள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிற அந்த மகள் டின்டு முடியைத் தோளோடு வெட்டிக்கொண்ட சங்கதி முதலில் போய்ச் சேர்ந்தது பக்கத்து வீட்டு அழகுத்தாய்க்கு. அதையும் அழகுத்தாய் தேயிலைக் காட்டில் வைத்து, கொழுந்து வெட்டிக்கொண்டே, அந்த நிரையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"டின்டுக்கு அந்த வெட்டு நல்லாத்தான் இருக்கு மதினி. மொகம் கொஞ்சம் உருண்டையாத் தெரியுது."

"எந்த வெட்டு?"

அழகுத்தாயின் கையிலிருந்த கத்தரி நின்றது. "முடி வெட்டிருக்காள்லா... உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னா, சொன்னா. எம்பிள்ள எனக்குச் சொல்லாம இருப்பாளா?" என்று ஒரே போடாகப் போட்டாள் கத்தரீனாள். பச்சைப் பொய். அதற்குப் பிறகு அவள் வெட்டிய வெட்டில் கொழுந்தோடு முற்றின இலையும் குச்சியும் சேர்ந்து வந்து விழுந்தன. சூப்பர்வைசர் கீழிருந்து சத்தம் போட்டார்.

"ஏ கத்தரீனா! கொழுந்து வெட்டுதியா, வெறகு வெட்டுதியா?"

"ரெண்டுந்தான்!" என்றாள் இவள். காடே சிரித்தது. கத்தரீனாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் லயத்தில் வரிசையாக ஆறு வீடு. கடைசி வீடு அழகுத்தாயுடையது, அதற்கு முந்தினது கத்தரீனாளுடையது. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் ஒழுங்காகக் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. இந்த வீட்டில் கருவாடு வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த வீட்டில் ஒருத்தர் புரண்டு படுத்தால் இந்த வீட்டில் தெரியும். கம்பெனி கட்டின காலத்தில் யாரும் யாரிடமும் மறைக்க ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

லயம் இருப்பது பள்ளிவாசல் எஸ்டேட் சரிவில், பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்களைப் பார்த்தபடி. டவர் மலைக்கு அந்தப் பக்கம். போனில் ரேஞ்சு வேண்டுமானால் ரோட்டு வளைவு வரைக்கும் ஏற வேண்டும். மழைக்காலத்தில் ஏறி இறங்குவதற்குள் கால் நிறைய அட்டை. அழகுத்தாயின் மகன் பாண்டீஸ்வரன் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறவன். ஆள் பிடிக்க நெட் இல்லாமல் முடியாது என்று கேபிள்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு வயர் இழுத்து மோடம் வைத்துவிட்டான். அன்றிலிருந்து டின்டு கூப்பிடுவதெல்லாம் அழகுத்தாயின் போனுக்குத்தான். "அத்தை, அம்மாவைக் கூப்பிடுங்க" என்பாள். அத்தை கூப்பிடுவாள். ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் அத்தையும் மருமகளும் கொஞ்சம் பேசுவார்கள். அந்தக் கொஞ்சம் நாளாக நாளாக வளர்ந்தது. அழகுத்தாய் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பந்தலுக்குப் போய்விடுவாள். கிசுகிசு, சிரிப்பு. கத்தரீனாள் கைக்கு போன் வருகிறபோது டின்டுவுக்குப் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டேன், மழையாம்மா, மழைதான், வைக்கட்டுமாம்மா. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து சுவக்கீன் வந்ததும் வராததுமாகக் கட்டன்காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்டுக்கும் மோடம் வைக்கணும்."

"அதான் பக்கத்துல இருக்கே," என்றார் சுவக்கீன். "பாஸ்வேர்டு தாரேன், உங்க போன்லயே பேசுங்கன்னு அழகுத்தாய் எத்தன மட்டம் சொல்லிருச்சு. நீதான் வாங்க மாட்டேங்கே."

"நாளைக்கு அவ அடுப்புல போயி சோறு பொங்கிட்டு வான்னு சொல்லுவீங்களா?"

"சோறு வேற, நெட்டு வேறல்லா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எம்பிள்ளகிட்ட பேசுததுக்கு எவ தயவும் எனக்கு வேண்டாம்."

சுவக்கீன் காப்பியைக் குடித்தார். தேயிலை காயப்போடுகிற தொட்டிகளுக்கு நடுவிலேயே காலம் போன மனுஷன். மெஷின் இரைச்சலில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேசுவதையே குறைத்துக்கொண்டவர். கத்தரீனாள் நேர் எதிர். சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகின தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் எதிர்மலைக்குக் கேட்கும்.

"சரி, வச்சிருவோம்," என்றார் சுவக்கீன்.

சனிக்கிழமை கேபிள்காரரின் ஆள் ஜோமோன் வந்தான். அடிமாலிப் பக்கத்துப் பையன். தமிழையும் மலையாளத்தையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறவன். போஸ்ட்டிலிருந்து வயர் இழுத்து, ஜன்னல் கட்டை வழியாக உள்ளே கொண்டுவந்து, மோடத்தை முன்னறைச் சுவரில் ஆணியடித்து உயரமாக மாட்டினான்.

"சேச்சி, நல்லாக் கேட்டுக்கோ. இது மேலே இருக்கணும், ஓப்பனா இருக்கணும். அலமாரிக்குள்ள வெக்கண்டா, தகரம் பக்கத்துல வெக்கண்டா. இரும்பு இதுக்கு ஆகாது. ரேஞ்சு கிட்டாது."

"செரி செரி," என்றாள் கத்தரீனாள் அடுக்களையிலிருந்து. கப்பைக்கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்டு என்ன போடட்டும் சேச்சி?"

"டின்டுன்னு போடு! அதோட அவ பெறந்த வருசத்தையும் போட்டுரு!"

ஜோமோன் தலையில் கை வைத்தான். "சேச்சி, பாஸ்வேர்டு இப்படி ஒச்சையா, சத்தமாச் சொல்லக்கூடாது."

"என்னா?"

"ஒண்ணுமில்ல. சொல்லியாச்சல்லோ."

சொல்லியாகிவிட்டது. ஆறு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. டின்டு பிறந்த வருஷம் அந்த லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஜோமோனின் பைக் வளைவைத் தாண்டுவதற்குள் கத்தரீனாள் வீட்டு வெளிச்சுவரை ஒட்டிப் பிள்ளைகள் வரிசையாகக் குந்திவிட்டன. ஆளுக்கொரு போன். ஒன்றும் பேச்சில்லை. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வீட்டு மனுஷன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இதெல்லாம்கூடக் கத்தரீனாளுக்குப் பெரிதில்லை. பிள்ளைகள்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தாள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை அண்ணாந்து பார்த்தபோதுதான் சுரீரென்றது. கருவாட்டு வாசனை போகிற வழியாக இதுவும் போகுமே! தனக்கென்று ஒரு மோடம் இருந்தாலும் அழகுத்தாய் அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்துகொண்டே இவள் நெட்டை இழுப்பாளே! இழுத்து, இவள் மகளிடமே இவளுக்கு முன்னால் பேசுவாளே!

"ஜோமோனக் கூப்பிட்டு பாஸ்வேர்ட மாத்தச் சொல்லு," என்றார் சுவக்கீன்.

"அவன் திங்கக்கெழமதான் வருவானாம். நாளைக்கு ஞாயித்துக்கெழம. எம்பிள்ள நாளைக்குக் கூப்பிடுவா."

கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி. கம்பளியும் நல்ல சேலைகளும் கிடக்கிற தகரப் பெட்டி. கத்தரீனாள் அதை இழுத்துப்போட்டாள். மோடத்தை ஆணியிலிருந்து கழற்றி, வயரோடு கொண்டுவந்து கம்பளிக்கு நடுவில் கிடத்தினாள். வயர் நசுங்காமல் ஒரு ஓரமாக வெளியே விட்டு மூடியைச் சாத்தி, மேலே பாதி அரிசிச் சாக்கைத் தூக்கி வைத்தாள்.

"ஜோமோன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் சுவக்கீன்.

"இரும்புக்குள்ள வச்சா வெளிய போகாதுன்னுதான சொன்னான்? அதத்தான் செஞ்சேன்."

வெளியே ஒரு பெருங்குரல் எழும்பியது. "போச்சு! நெட்டு போச்சு!" பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. முதல் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கத்தரீனாள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தது. அவளுக்குத் தேவை ஒரு மகளிடம் பேச ஒரு கோடு. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. கத்தரீனாள் நனைந்த முக்காட்டைக்கூட மாற்றாமல் கப்பையை வேக வைத்து, மத்திக் குழம்பு கூட்டினாள். சுவக்கீனுக்குப் போட்டுவிட்டுத் தானும் இரண்டு வாய் தின்றாள். முந்தின நாளே டின்டுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: இனிமேல் அம்மா நம்பருக்கே கூப்பிடு, நம்ம வீட்டுக்கு நெட் வந்துவிட்டது. போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையைக்கூடச் சீவிக்கொண்டாள்.

போன் அடித்தது. அவள் போன், அவள் மடியிலேயே அடித்தது.

"டின்டு! ஏ பிள்ளே! அம்மா பேசுதேன்! தெரியுதா?"

திரையில் டின்டு வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். தோளோடு வெட்டின முடி. உருண்டையாகத்தான் இருந்தது முகம். "அம்... கே... ம்மா..." என்று துண்டு துண்டாக வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் அதே துண்டுதான். கத்தரீனாள் போனை உலுக்கினாள், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், கட்டில் மேல் ஏறி நின்றாள்.

"பெட்டியத் தொறந்து விடு," என்றார் சுவக்கீன்.

"தொறந்தா அங்கயும் போகும்."

"போனாப் போகுது. இப்ப உனக்குப் பேசணுமா, அவளுக்குப் போகாம இருக்கணுமா?"

உண்மையைச் சொன்னால் கத்தரீனாளுக்கு இரண்டும் வேண்டும்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

அழகுத்தாய் எடுத்தாள். மற்ற நாளென்றால் பின்னால் பந்தலுக்குப் போயிருப்பாள். கொட்டுகிற மழையில் எங்கே போக? அடுக்களையில் நின்றே பேசினாள். தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்ததால் இந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை. பேச்சு நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கத்தரீனாள் கட்டில் மேல் நின்றபடியே சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

மலை மழைக்கு ஒரு குணம் உண்டு. கொட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ கையைப் பிடித்த மாதிரி நின்றுவிடும். மழைக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிக்கொண்டிருந்த அழகுத்தாய்க்கு, மழை நின்றது புரிவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆபரேசன் செஞ்ச எடம் குனிஞ்சா இன்னும் இழுக்குதா பிள்ளே? பாரம் கீரம் தூக்கிராத!"

தகர விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவக்கீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

கத்தரீனாள் கட்டிலை விட்டு இறங்கியதும், வாசலைத் தாண்டியதும், அடுத்த வாசலில் ஏறியதும் அவளுக்கே தெரியாது. அழகுத்தாயின் அடுக்களையில் போய் நின்றாள். அழகுத்தாய் போனை நெஞ்சோடு சேர்த்து மறைத்தாள்.

"யாருக்கு ஆபரேசன்?"

"மதினி, உக்காருங்க. சொல்லுதேன்."

"யாருக்குன்னு கேக்கேன்!"

போனுக்குள்ளிருந்து டின்டுவின் குரல் வந்தது. "அத்தை? அம்மாவா அங்க?"

அழகுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கொடல்வாலு மதினி. உள்ளுக்குள்ளயே வெடிச்சுப்போச்சு. பெந்தகோஸ்து திருநாளுக்கு முந்தின நாளு. உங்களக் கூப்பிடுங்கன்னுதான் அடிச்சா. நீங்க காட்டுக்குப் போயிட்டீங்க, நான் காய்ச்சல்னு வீட்டுல கெடந்தேன். அப்புறம் மனசு மாறி, ஆம்புலன்சுக்குள்ள இருந்து பேசுதா... அத்தை, அம்மாகிட்ட சொல்லிராதீங்க, அம்மா சத்தம் போட்டு லயத்தையே கூட்டிரும், அப்பாவுக்கு பிரசர் ஏறிரும், படிச்சது போதும் வந்துருன்னு நிப்பாங்கன்னு அழுதா. சத்தியம் வாங்கிட்டா மதினி. நான் என்ன செய்ய?"

"நீ என்ன செஞ்ச?"

"நான் என்னத்தச் செஞ்சேன்... கண்ணு பொருந்தல. உங்க மாதா கோயில் கெபிக்கு ஓடுனேன். எனக்கு உங்க செபம் தெரியாது. மெழுகுதிரியப் பொருத்தி வச்சுக்கிட்டு, பிள்ளயக் குடு தாயே, பிள்ளயக் குடு தாயேன்னு அழுதேன்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். கத்தரீனாளுக்கு இன்னும் எரிந்தது. முடி வெட்டினது எம்மாத்திரம்? இது அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

"நீ எதுக்குட்டி அழணும்?" என்றாள். "பெந்தகோஸ்துக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எங்க நாத்தனா வீட்டு விருந்துக்குப் போனேன். பிரியாணி தின்னேன். பல்லெல்லாம் தெரிய போட்டோ எடுத்துக்கிட்டேன். எம்பிள்ள வயித்தக் கீறிப் போட்டுக் கெடந்துருக்கா, நான் பல்லக் காட்டிட்டு நின்னுருக்கேன். அவளுக்கு நான் அழ வேண்டிய அழுகைய நீ அழுதிருக்க. எனக்கு ஒரு சொட்டு வச்சியா நீ? ஒரு சொட்டு மிச்சம் வச்சியா?"

அழகுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போனை நீட்டினாள். "லைன்லதான் இருக்கா. பேசுங்க மதினி."

அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் டின்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படம் தெளிவாக இருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்ததுகூடத் தெரிந்தது. கை நீட்டினால் போதும். கத்தரீனாளுக்குக் கை அரித்தது.

"இவ போன்ல நான் பேச மாட்டேன்," என்றாள். குனிந்து திரையைப் பார்த்து, "வையிட்டி. அம்மா கூப்பிடுதேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்து அரிசிச் சாக்கைத் தள்ளினாள். அரிசி கொட்டியது. மூடியைத் திறந்து கம்பளியை உதறி மோடத்தை எடுத்தாள். தோசைக்கல்லாகச் சுட்டது. முன்னறை ஆணியைத் தேடப் பொறுமை இல்லை. கட்டில் மேல் ஏறிச் சுவரின் உச்சியிலேயே வைத்துவிட்டாள்.

"அங்க வச்சா..." என்று ஆரம்பித்தார் சுவக்கீன்.

"போய்த் தொலையட்டும்."

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே டின்டு எடுத்தாள். இந்தத் தடவை வாய் நிற்கவில்லை, முகம் நிற்கவில்லை.

"அம்மா, கத்தாதம்மா. ப்ளீஸ்."

"கத்தல." உண்மையிலேயே கத்தவில்லை. அவள் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரல் ஒன்று இருந்தது சுவக்கீனுக்கே புதிது. "ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துருவம்மா."

"பயப்படத்தானட்டி நான் இருக்கேன்? எம்பயத்தையும் தூக்கி அவ கையில குடுத்துட்டியே."

டின்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு படிப்பப் போட்டுட்டு வர மனசில்லம்மா. நீ ஒரு தடவ வான்னு சொல்லிருந்தா நான் வந்துருப்பேன். அதான் சொல்லல."

வா என்று இப்போதும் கத்தரீனாளின் நாக்கு நுனியில்தான் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"காட்டு," என்றாள்.

"என்னத்த?"

"கீறுன எடத்த."

"அப்பா இருக்காராம்மா..."

சுவக்கீன் ஏற்கனவே குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. குடையை விரிக்காமலே நின்றார்.

டின்டு ஸ்வெட்டரை ஒரு பக்கமாகத் தூக்கினாள். வலது பக்கம், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு கோடு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கொசு கடித்த இடமெல்லாம் எண்ணி வளர்த்த வயிறு. கத்தரீனாள் போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"வலிக்கா?"

"இல்லம்மா. குளிருக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும்."

"இன்னும் கிட்டக் காட்டு."

காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கரண்டிச் சத்தம்கூட இல்லை. அழகுத்தாய் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கத்தரீனாளுக்குத் தெரியும். போனை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளுக்குக் காட்டுனியா?"

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

டின்டு ஸ்வெட்டரை இறக்கிவிட்டாள். "அத்தை கேட்டாங்க. நான் காட்டலம்மா. யாருக்கும் காட்டல."

"காட்டாத," என்றாள் கத்தரீனாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்தவில்லை. முந்தானையைத் தேடவில்லை. காட்டில் கூப்பிடுகிற அதே குரலில், ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி, தன் பிள்ளைக்குத் தானே அழுதாள்.